ஸ்பெயின் கிராமத்துல தோழி வீட்டுல அஞ்சு வாரம்: போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

கூடலூர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தேனி மாவட்டம் கூடலூர். அப்பா ஒண்ணரை ஏக்கர்ல பன்னீர் திராட்சை வச்சிருக்காரு. நாலு வருஷத்துக்கு முந்தி தேக்கடி பார்க்க வந்த ஸ்பெயின் பொண்ணு ஒருத்தி, எங்க பந்தலைப் பார்த்துட்டு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிட்டா. அவங்க பக்கம் திராட்சையைத் தரையோட குட்டைச் செடியா நிக்க விடுவாங்களாம். தலைக்கு மேல குலை குலையா தொங்குறதை அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அன்னைக்கு வந்தவ பதினோரு நாள் எங்க வீட்டுலயே தங்கிட்டா. அதுல இருந்து வாரம் ஒரு தடவையாவது பேசிக்குவோம்.

இப்ப அவளுக்குக் கல்யாணமாகி, கணவர், மாமியாரோட எக்ஸ்ட்ரேமதுரா பக்கம், காசெரெஸ் மாகாணத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கா. செப்டம்பர் கடைசியில வா, அஞ்சு வாரம் இருந்துட்டுப் போன்னு கூப்பிடுறா. டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துட்டேன். எனக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

ஊர் சுத்திப் பார்க்கிறதைப் பத்தி எங்க தேடினாலும் கிடைக்குது. ஒரு வீட்டுக்குள்ள அஞ்சு வாரம் எப்படி இருக்கணும்னுதான் எனக்குத் தெரியணும். எங்க அம்மா, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தாண்டி, அஞ்சு வாரம் போய் உக்காந்தா அந்த மாமியார் என்ன நினைக்கும்"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கும் அந்தப் பயம்தான். நான் மீன், கோழி, முட்டை சாப்பிடுவேன். மாடும் பன்னியும் சாப்பிட மாட்டேன். அங்க பன்னி இல்லாம சமையலே இல்லைங்கிறாங்களே? பகல் முழுக்க அந்த வீட்டுல நான் என்ன செய்வேன்? என்ன கொண்டுபோகலாம்? பதில் சொல்றவங்களுக்கு ரொம்ப நன்றி.


ஒண்ணாம்மைல் எழுதியது:

தங்கச்சி, நீங்க கீழ கூடலூர், நான் மேல குமுளி. நடுவுல லோயர் கேம்ப்பும் மலைப்பாதையும்தான். உங்க கேள்வியைப் படிச்சதுமே எழுதணும்னு தோணிருச்சு, ஏன்னா நானும் வீட்டுக்காரரும் போய் இருந்தது அதே காசெரெஸ் மாகாணம்தான். லா வேராங்கிற பகுதி. செப்டம்பர் இருபதுக்கு மேல போயி நவம்பர் பத்துக்குத் திரும்பினோம். கார்த்திகை பிறந்துட்டா குமுளியில சபரிமலை சாமிங்க வர ஆரம்பிச்சுருவாங்க. எங்களுக்கு மூணு ரூம் வாடகை வீடு இருக்கு, அதுக்குள்ள வந்தாகணும்.

எங்க நண்பர்கள் ஒரு கணவன், மனைவி. ஒன்பது வருஷமா ஜனவரி தவறாம எங்க வீட்டுல வந்து தங்குறவங்க. வாடகைக்கு வந்து சொந்தமாயிட்டாங்க. அவங்க வீட்டுல எண்பத்து நாலு வயசுல ஒரு பாட்டி, அந்த நண்பரோட அம்மா. அதனால உங்க மாமியார் கவலைக்கும் எங்கிட்ட பதில் இருக்கு.

முதல்ல நேரம். அங்க போற எல்லாரும் தடுமாறுறது இதுலதான். செப்டம்பர் கடைசியில காலையில எட்டு மணிக்குத்தான் வெளுக்குது. மத்தியானச் சாப்பாடு ரெண்டரை, மூணு. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரை, சில நாள் பத்து. சோம்பேறித்தனம்னு முதல் வாரம் நினைச்சேன், தப்பு. சூரியன் கணக்குப்படி ஸ்பெயின் லண்டன் நேரத்துல இருக்க வேண்டிய நாடு. 1940-ல ஃபிராங்கோ ஆட்சியில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சாங்க, திரும்பி மாத்தவே இல்ல. கோடைகாலத்துக்கு இன்னொரு மணி நேரம் கூட்டுவாங்க. அப்ப உச்சிவெயில் ரெண்டு மணிக்கு வரும். அவங்க வயிறு சூரியனைப் பார்த்துத்தான் பசிக்குது, கடிகாரம்தான் இடம் மாறி நிக்குது. நம்ம வயித்துக்கு இது புரியாது. எனக்குப் பன்னெண்டரைக்கெல்லாம் கண்ணு இருட்டும். பதினோரு மணிக்கு அவங்க ரொட்டியை வாட்டி, பூண்டைத் தேய்ச்சு, தக்காளியை அரைச்சுத் தடவி, ஆலிவ் எண்ணெய் ஊத்தித் தருவாங்க. "வேணாம், பரவாயில்ல"ன்னு கூச்சப்பட்டு ரெண்டு நாள் மறுத்தேன். மறுக்காதீங்க, அது பலகாரம் இல்ல, மூணு மணி வரைக்கும் தாங்குறதுக்கான சாப்பாடு. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கு. சாப்பாட்டுக்கு முந்தி போடுற மாத்திரையை எப்ப போடணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டுப் போனோம். உங்க குடும்பத்துல யாரும் கூட வந்தா இதைச் செய்யுங்க.

வீட்டுக்குப் போன் பண்றதுக்கு: நம்ம நேரம் அவங்களுக்கு மூணரை மணி நேரம் முன்னால. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தைப் பின்னால வைப்பாங்க, அன்னைல இருந்து நாலரை மணி நேரம்.

சாப்பாட்டு மேசையில எனக்குப் பெரிய சங்கடம் பன்னி இல்ல, எச்சில்தான். ஒரு பெரிய தட்டுல தக்காளி, வெங்காயம், ஆலிவ் காய் எல்லாம் போட்டு நடுவுல வைப்பாங்க. அவங்கவங்க முள்கரண்டியால அதுல இருந்தே குத்திக் குத்திச் சாப்பிடுவாங்க. மீகாஸ்னு ஒண்ணு செய்வாங்க. பழைய ரொட்டியைப் பிச்சுத் தண்ணி தெளிச்சு ராத்திரி ஊற வச்சு, காலையில பூண்டு, மிளகாய்த்தூள் போட்டு இரும்புச் சட்டியில கிளறுறது. பாட்டி சின்ன வயசுல ஆட்டுக்காரங்களோட தின்ன கதையைச் சொன்னாங்க. சட்டியைச் சுத்தி நின்னு, ஒரு கரண்டி அள்ளிட்டு ஒரு அடி பின்னால போகணும், அடுத்தவங்க வந்து அள்ளுவாங்க. யாரும் அடுத்தவங்க பங்கைத் தின்னுறக் கூடாதுங்கிற முறை அது. அதைக் கேட்டதும் எனக்கு மனசு மாறுச்சு, ஆனா கை போகல. அம்பது வருஷப் பழக்கம் ஒரு கதையில போயிருமா? மூணாம் நாள் தோழிகிட்ட மெதுவா எடுத்துச் சொன்னேன், எங்க ஊர்ல வாயில வச்ச கரண்டியைப் பொதுத் தட்டுல வைக்க மாட்டோம், உங்களை அசிங்கமா நினைக்கல, எனக்கு வரலைன்னு. அன்னைல இருந்து பாட்டி யாரும் தொடுறதுக்கு முன்னாடியே ஒரு சின்னத் தட்டுல எனக்கு எடுத்து வச்சிருவாங்க. வாய்விட்டுச் சொல்லிட்டா தீர்ந்துரும். சொல்லாம ஓரமா ரொட்டியை மட்டும் தின்னுக்கிட்டு இருந்தாத்தான் அவங்க மனசு கஷ்டப்படும். ரொட்டியைத் தட்டுல வைக்காம நேரா மேசைத் துணி மேலயே வைப்பாங்க, அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

பன்னி விஷயம். கிளம்புறதுக்கு முந்தியே தோழிக்கு எழுதிருங்க. பந்தியில உக்காந்த பிறகு சொன்னா அந்த அம்மா காலையில இருந்து சமைச்சது வீணாகும். "மாமிசம் வேணாம்"னு சொன்னா அங்க ஹமோன் அதுல சேராது. அது பன்னித் தொடையை உப்புல போட்டு மாசக்கணக்குல காத்துல தொங்கவிட்டது, அவங்களுக்குக் கிட்டத்தட்ட ஊறுகாய் மாதிரி. அதனால செர்தோ (பன்னி), ஹமோன், சொரிசோ (மிளகாய்த்தூள் போட்ட பன்னித் தொத்திறைச்சி) மூணு பேரையும் தனித்தனியாச் சொல்லணும். நான் "நோ கோமோ செர்தோ"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். "பன்னி சாப்பிடுறதில்ல"ன்னு அர்த்தம். பருப்புக் குழம்புல சொரிசோவைப் போட்டுக் கொதிக்க வச்சிட்டு, பரிமாறும்போது மட்டும் எடுத்துட்டுத் தருவாங்க, இதையும் முன்னாடியே பேசிக்குங்க. யாரும் சொல்லித்தராத ஒண்ணு: பலகாரத்துலயும் பன்னிக் கொழுப்பு இருக்கும். பெருனியான்னு ஒரு பிஸ்கட், வாயில வச்சா மணல் மாதிரி உதிரும், அதுல மந்தேகா சேர்ப்பாங்க. அதுதான் அந்தக் கொழுப்பு. நான் ரெண்டு தின்னப்புறம்தான் கேட்டேன். நீங்க முதல்லயே கேட்டுக்குங்க. மத்தபடி பட்டினி கிடக்க மாட்டீங்க. கொண்டைக்கடலை, பருப்பு, முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தோர்த்தியா, மீன், கீரை, பழம் எல்லாம் தாராளம். அரிசியும் கிடைக்கும், ஸ்பெயின்ல நெல்லு விளையுது, எக்ஸ்ட்ரேமதுராவுலயே குவாதியானா ஆத்துப் பாசனத்துல வயல் இருக்கு.

இப்ப உங்க அம்மா கேட்ட மூணு நாள் கணக்கு. எங்க அம்மாவும் இதையேதான் சொல்லி அனுப்புனாங்க. மூணு நாள் விருந்தாளியா இருங்க. கூட்டிட்டுப் போற இடத்துக்குப் போங்க, போடுறதைச் சாப்பிடுங்க. எங்களை யூஸ்தே மடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் பதவியை விட்டுட்டு வந்து 1558-ல இறந்த இடம். நாலாம் நாள் காலையில, அந்த வீட்டு வேலையில ஒண்ணைக் கேட்டு வாங்கிக்குங்க. "ஏதாவது ஹெல்ப் பண்ணவா"ன்னு கேட்டா "வேணாம், உக்காருங்க"ன்னுதான் பதில் வரும். இன்ன வேலை என்னோடதுன்னு குறிப்பாக் கேக்கணும். சமையல் வேலையைக் கேக்காதீங்க. அடுப்படி இன்னொருத்தியோடது, அது எந்த ஊரா இருந்தாலும்.

நான் கேட்டு வாங்குனது ரொட்டி. அந்த ஊர்ல ரொட்டிக் கடை இல்ல. தினம் பதினோரு மணி வாக்குல ஒரு வேன் வந்து சதுக்கத்துல நின்னு ஹாரன் அடிக்கும். வாரத்துக்கு ஒரு நாள் மீன் வண்டி, ஒரு நாள் கேஸ் வண்டி. கேஸ் அங்க ஆரஞ்சு நிறச் சிலிண்டர், பன்னெண்டரைக் கிலோ, நம்மளதை விடச் சின்னது. நான் துணிப்பையும் சில்லறையுமா போயி நிப்பேன். "தோஸ் பார்ராஸ்" (ரெண்டு நீள ரொட்டி), அவ்வளவுதான் என் பாஷை. அங்க வர்ற கிழவிங்க எல்லாம் "புவெனோஸ் தியாஸ்" சொல்வாங்க, திருப்பிச் சொல்லணும். தெருவுல யாரைக் கடந்து போனாலும் சொல்லணும், தெரியாதவங்களா இருந்தாலும். சொல்லாமப் போனா அந்த வீட்டு விருந்தாளிக்கு மரியாதை தெரியலைன்னு ஆயிரும். ஒரு வாரத்துல அந்தக் கிழவிங்களுக்கு என் முகம் பழகிருச்சு. ரெண்டாம் வாரம் நான் போகலைன்னா பாட்டிகிட்ட வந்து விசாரிச்சாங்க. அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா அந்த வீட்டுல எனக்கு ஒரு இடம் வந்துருச்சு.

அப்புறம் மிளகாய். நீங்க போற நேரம் அதுக்குச் சரியான நேரம், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். லா வேராவுல பிமெண்டோன்னு ஒரு மிளகாய்த்தூள் செய்யறாங்க, உலகம் முழுக்கப் போகுது. கொலம்பஸ் கொண்டுவந்த விதையைச் சாமியார் மடத்துல முதல்ல போட்டாங்கன்னு அங்க சொல்றாங்க. நம்ம நாட்டுக்கும் மிளகாய் போர்த்துகீசியர் கப்பல்ல வந்ததுதானே. செப்டம்பர் கடைசியில இருந்து பழத்தைக் கையாலதான் பறிக்கிறாங்க. மலையடிவாரம், கிரேதோஸ் மலை மேல நிக்குது, இலையுதிர் காலத்துல மழை வந்துரும். வெயில்ல காயப்போட முடியாது. அதனால செகாதேரோன்னு ரெண்டு தட்டு வீடு கட்டி, கீழ ஓக் மரக்கட்டையைப் புகையவிட்டு, மேல இடைவெளி விட்டு அடிச்ச பலகையில பழத்தைப் பரப்பி வைக்கிறாங்க. பத்துப் பதினஞ்சு நாள். தினம் ஒரு தடவை ஆள் மேல ஏறி எல்லாத்தையும் புரட்டிவிடணும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரோட செகாதேரோவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. கதவைத் திறந்ததும் வந்த புகையில எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்துருச்சு. அவரு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துல ஸ்டோர் பார்த்தவரு, ஏலக்காயைக் காயவைக்கிற கூடத்தைத்தான் ஸ்டோர்ம்போம். பச்சைக்காயை ஸ்டோர்ல ஏத்திட்டா ராத்திரி முழுக்க அடுப்புக்கு விறகு தள்ளணும். சூடு ஏறினாலும் கெட்டுப்போகும், இறங்கினாலும் கெட்டுப்போகும். நான் அவரு பக்கத்துலயே சாக்கு விரிச்சுத் தூங்கியிருக்கேன். அந்தப் பெரியவர் கட்டையை எடுத்து வச்ச விதம், சாம்பலைக் கையால ஒதுக்கிப் பார்த்த விதம், எல்லாம் அப்பாதான். ஆனா ஒரு விஷயம் தலைகீழ். நம்ம ஸ்டோர்ல புகை காயில படவே கூடாது, இரும்புக் குழாய்க்குள்ளயே ஓடி வெளிய போயிரணும். பட்டா பச்சை நிறம் போயி ஏலத்துல விலை விழும். அங்க புகையைக் காயில ஏத்துறதுக்குத்தான் இவ்வளவு பாடும். இதை நான் தோழிகிட்ட சொல்ல, அவங்க மொழிபெயர்க்க, அந்தப் பெரியவர் என்னை ரெண்டு மூணு தடவை கேட்டாரு, குழாய் எவ்வளவு அகலம், விறகு என்ன மரம்னு. நான் தரையில கரியால படம் போட்டுக் காமிச்சேன். அவரு போன்ல அதைப் படம் எடுத்துக்கிட்டாரு. அன்னைக்கு உடுத்தியிருந்த சேலையில அந்தப் புகை வாசம் குமுளி வந்து ரெண்டு தடவை துவைச்சும் இருந்துச்சு.

பகல்ல மூணுல இருந்து அஞ்சு வரை தெருவுல நடமாட்டமே இருக்காது. கடை அடைச்சிருக்கும். தூக்கம் வரலைன்னா ரூம்லயே இருங்க, பாத்திரம் உருட்டாதீங்க, யாருக்கும் போன் பண்ணாதீங்க. அதுக்கு ஈடா சாயங்காலம் இருக்கு. வெயில் தாழ்ந்ததும் ஆளாளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்துருவாங்க. நம்ம திண்ணைப் பேச்சுதான். காதிஸ் மாகாணத்துல அல்கார்ங்கிற ஊரு, இதை உலகப் பாரம்பரியமா அறிவிக்கணும்னு 2021-ல யுனெஸ்கோகிட்ட கேட்டுச்சு. உத்தமபாளையத்துல எங்க பாட்டி வீட்டுத் திண்ணையை இடிச்சுத்தான் கார் நிறுத்த இடம் பண்ணுனாங்க, அது எனக்கு இன்னும் ஆறல. அங்க கிழவிங்க நடுவுல உக்காந்து, ஒரு வார்த்தை புரியாம, பூண்டு உரிச்சுக்கிட்டே இருந்த சாயங்காலம்தான் அந்த ஐம்பது நாள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது. அக்டோபர் பாதியில குளிர் வந்துட்டா இது நின்னுரும், முதல் ரெண்டு வாரத்துலயே போய் உக்காந்துருங்க.

கொண்டுபோக: துவரம்பருப்பு, புளி, பெருங்காயம், கடுகு, கொஞ்சம் சாம்பார்ப் பொடி. நெய், பால்கோவா, கருவாடு எதையும் தொடாதீங்க. பாலும் கறியும் சேர்ந்த பொருளை வெளியில இருந்து ஐரோப்பாவுக்குள்ள விடமாட்டாங்க. மீனுக்குத் தனிக் கணக்கு இருந்தாலும் பெட்டி நாறிப்போகும். பச்சைக் கருவேப்பிலையும் வேணாம், செடி சம்பந்தப்பட்டதுக்குச் சான்றிதழ் கேப்பாங்க. காயவச்சுப் பொடி பண்ணிக் கொண்டுபோங்க. குளியலறையில ஒரு மக். பல வீட்டுல பிதேன்னு கழுவுற பீங்கான் தொட்டி தனியா இருக்கும், இருந்தாலும் மக் ஒண்ணு மனசுக்கு நல்லது. நம்ம மூணு முள் பிளக் நுழையாது, ரெண்டு முள் நுழையும். பரிசுக்கு எட்டு மில்லிமீட்டர் பருமன் ஏலக்காய் அரைக் கிலோ கொண்டுபோனேன். பாட்டி பால்ல அரிசி போட்டு எலுமிச்சைத் தோலும் பட்டையும் சேர்த்து ஒரு பாயசம் வைப்பாங்க, அதுல நாலு காய் தட்டிப் போட்டுக் காமிச்சேன். அதுக்கப்புறம் அந்த வீட்டுல அது இல்லாம பாயசம் வைக்கல.


கொழிஞ்சாம்பாறை எழுதியது:

ஒண்ணாம்மைல் அக்கா எழுதுனது அருமைங்க. ஒரு எச்சரிக்கை மட்டும் நான் சேர்க்கிறேன். வீட்டு வேலையில கை கொடுக்கிறது சரிங்க. ஆனா "தோட்டத்துல வேலை செஞ்சா தங்க இடம் தர்றோம்"ங்கிற மாதிரி எதுலயும் சேர்ந்துராதீங்க. சுற்றுலா விசாவுல அது வேலை செஞ்ச கணக்குல வந்துரலாம். விசா நேர்காணல்லயோ விமான நிலையத்துலயோ "பண்ணையில உதவப் போறேன்"னு வாய் தவறிச் சொன்னா சிக்கல். தோழி வீட்டுக்குப் போறேன்னு சொல்லுங்க, அதுதான் உண்மையும்.

ஹோட்டல் பதிவு இல்லாம நண்பர் வீட்டுல தங்குறதா இருந்தா, உங்க தோழி அவங்க பக்கத்துக் காவல் நிலையத்துல விண்ணப்பிச்சு அழைப்புக் கடிதம் வாங்கணும். கார்த்தா தே இன்விதாசியோன்னு பேரு, கொடுக்கிறது தேசியப் போலீஸ். அவங்க கையால எழுதுற கடுதாசி அதுக்குப் பதில் ஆகாது. அசலையே உங்களுக்கு அனுப்பி வைக்கணும். எனக்கு ஸ்கேன் காப்பி போதும்னு ஒருத்தர் சொல்லி, அதை நம்பிப் போயி விண்ணப்ப மையத்துல திருப்பி அனுப்பிட்டாங்க, சென்னைக்கு ரெண்டாவது தடவை ரயில் ஏற வேண்டியதாச்சு. இப்பவே தோழிகிட்ட ஆரம்பிக்கச் சொல்லுங்க. மருத்துவக் காப்பீடு குறைஞ்சது முப்பதாயிரம் யூரோவுக்கு இருக்கணும். அவசரத்துக்கு அங்க 112.

நான் இருந்தது தெருவேல் மாகாணத்துல, ஜனவரியில மூணு வாரம். அக்கா சொன்ன வாசல் நாற்காலி எல்லாம் நான் பார்க்கலீங்க. குளிர்ல ஊரே வெறிச்சு. பாதி வீடு பூட்டிக் கிடந்துச்சு, சனம் எல்லாம் பட்டணத்துக்குப் போயாச்சு, கோடை லீவுக்குத்தான் வருமாம். கடையும் இல்ல, ஒரே ஒரு பார்தான். பார்னா நம்ம ஊரு அர்த்தத்துல எடுக்காதீங்க. காலையில காப்பி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் சீட்டு விளையாட்டு, கிழவங்க, குழந்தைங்க எல்லாரும் அங்கதான். எங்க பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் சாயாக்கடை எப்படியோ அப்படி. பொண்ணுங்க தனியாப் போயி காப்பி குடிச்சா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.


கூடலூர்க்காரி எழுதியது:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அம்மாவுக்கு முழுசாப் படிச்சுக் காமிச்சேன். எச்சில் விஷயத்தைக் கேட்டதும் "அந்த அக்கா சரியாச் சொல்லியிருக்கு"ன்னாங்க. அழைப்புக் கடிதத்துக்குத் தோழி திங்கட்கிழமை போறேன்னு சொல்லிட்டா.

இன்னும் மூணு சந்தேகம். கன்னத்துல முத்தம் கொடுப்பாங்கன்னு சொல்றாங்களே, ஆம்பளைங்களும் கொடுப்பாங்களா, எனக்கு அது ஒத்துவராது. என்ன உடுத்துறது? நான் நம்ம சமையல் ஒரு நாளாவது செஞ்சு போடணும்னு ஆசைப்படுறேன், எப்ப செய்யலாம்?


ஒண்ணாம்மைல் எழுதியது:

கன்னத்துல முத்தம்னா உதடு படாது. கன்னத்தோட கன்னம் ஒட்டி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தடவை. பொம்பளைங்களும் பொம்பளைங்களும், ஆம்பளையும் பொம்பளையும் அப்படித்தான் அறிமுகம் ஆவாங்க. நான் பொம்பளைங்ககிட்ட சரின்னு விட்டுட்டேன். ஆம்பளைங்க முன்னால வந்தா ஒரு அடி தள்ளியே நின்னு ரெண்டு கையையும் கூப்புனேன். ஒருத்தர்கூடத் தப்பா எடுத்துக்கல. மூணாம் வாரம் ரொட்டி வேன்காரரே என்னைப் பார்த்து முதல்ல கை கூப்புனாரு.

உடுப்பு: செப்டம்பர்ல பகல் நல்லா வெயில் அடிக்கும், பருத்திச் சுடிதார் போதும். அக்டோபர் பாதிக்கு மேல கல் வீடு ஐஸ் மாதிரி ஆயிரும். சேலை நான் உடுத்துனேன், உள்ள கம்பளிக் கால்சட்டை போட்டுக்கிட்டு. நம்ம வீட்டு மாதிரி செருப்பை வாசல்ல கழட்ட மாட்டாங்க, வெறுங்காலோட நடந்தா சளி பிடிக்கும்னு பாட்டி அலறுவாங்க. வீட்டுக்குள்ள போட ஒரு கெட்டியான செருப்பு வேணும். ஒரு வட்ட மேசை இருக்கும், அதுக்குத் தரை வரைக்கும் கனமான துணி போட்டு, அடியில ஹீட்டர் வச்சிருப்பாங்க. அந்தக் காலத்துல கரித் தணல் வச்சாங்களாம். துணியைத் தூக்கிக் காலை உள்ள நீட்டி இடுப்பு வரைக்கும் போத்திக்கிட்டு உக்காரணும். குளிர் வந்தப்புறம் அந்த வீட்டுப் பேச்செல்லாம் அங்கதான்.

சமையல்: முதல் வாரம் வேணாம். ரெண்டாம் வாரம், மாமியார் வெளிய போற நாளாப் பார்த்துச் செய்யாதீங்க, அவங்க இருக்கும்போதே, அவங்களைக் கேட்டு, அவங்க சட்டியில செய்யுங்க. தாளிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறந்துருங்க. மிளகாய் கிள்ளிப் போட்டா அந்த வீட்டுல எல்லாரும் இருமுவாங்க. நான் எலுமிச்சைச் சாதமும் கொண்டைக்கடலைச் சுண்டலும் செஞ்சேன். எலுமிச்சை மரம் அவங்க கொல்லையிலயே இருந்துச்சு. தேங்காய்க்குப் பதில் பாதாம் பருப்பைச் சீவிப் போட்டேன், நல்லாவே இருந்துச்சு. சாம்பார் ஒரு நாள் வச்சேன், புளிப்பு அவங்களுக்குப் பிடிக்கல. பாட்டி மட்டும் ரொட்டியைத் தொட்டு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் மிளகாய்க் கூடத்துக்குப் பார்க்கத்தான் போனேன், கூலிக்கோ தங்குறதுக்கோ இல்ல. அந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க.

நீங்க அக்டோபர் கடைசி வரைக்கும் இருக்கிறதா இருந்தா, டிக்கெட்டை நவம்பர் ரெண்டு, மூணுக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. ஒண்ணாம் தேதி அங்க கல்லறைத் திருநாள் மாதிரி. நம்ம குமுளியில ரெண்டாம் தேதி மெழுகுவத்தியோட போறாங்கள்ல, அங்க அதுக்கு முந்தின வாரமே கல்லறையைத் தேய்ச்சுக் கழுவி, சாமந்தியை வச்சிருவாங்க. பாட்டி வீட்டுக்காரர் கல்லறையை நானும் அவங்களுமாத்தான் கழுவினோம். அதை ஒட்டியே ஊர்ல காட்டுக்குப் போயி செஸ்ட்நட் கொட்டையைத் தீயில சுட்டுத் தின்பாங்க. பலாக்கொட்டை சுட்ட ருசிக்குக் கிட்ட வரும், இன்னும் கொஞ்சம் இனிப்பு.

வரும்போது எனக்கு ஒரு உதவி. பிமெண்டோன் மூணு விதம் விப்பாங்க: இனிப்பு, உறைப்பு, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. அந்த நடுவுல உள்ளது, அக்ரிதுல்சேன்னு தகர டப்பாவுல எழுதியிருக்கும், ஒண்ணு வாங்கிட்டு வாங்க. காசு கூடலூர் வந்து தர்றேன், அப்படியே உங்க அப்பாவோட பந்தலையும் பார்த்த மாதிரி இருக்கும். ரொட்டி வேலையைக் கேட்டு வாங்குறதா இருந்தா ஒண்ணு மறந்துறாதீங்க: ஹாரன் ரெண்டு தடவைதான் அடிப்பாங்க, முதல் சத்தத்துலயே பையை எடுத்துட்டுக் கிளம்பிருங்க. சில்லறையை முந்தின ராத்திரியே கதவுகிட்ட எடுத்து வச்சிருங்க.